மச்சான் வந்தபோது நான் செத்துக் கிடந்தேன்

செத்தவர்கள் எழுந்து வர மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எழுந்து வர முடிந்தும், பலபேர் கெஞ்சிக் கேட்டும், பிடிவாதமாகச் செத்தே கிடந்த ஒரு மனிதனைத் தேடி யாராவது தேனிப் பக்கம் வந்தால், பழனிசெட்டிபட்டியில் என் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

நான் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் நான் செய்தது தப்பு என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். என் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, காலி மனையில் பந்தல் போட்டு ஆண்டு விழா நடத்துவார்கள். பிள்ளைகளின் நடனம், பெண்களுக்கு இசை நாற்காலி, அப்புறம் என் சொற்பொழிவு. நான் பேச எழுந்ததும் கூட்டம் சாப்பாட்டுப் பந்தியை நோக்கி நகரும். அந்த வருடம் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார்.

"சார், இந்தத் தடவ பேச்சு வேணாம். ஒரு குடும்பமே சேந்து நாடகம் போட்டா எப்பிடி இருக்கும்? நீங்கதான் எழுதணும், நீங்கதான் நடத்தணும்."

(பேச்சுக்கு நாடகம் தேவலை என்று நினைத்திருப்பார் போல. பாவம்.)

ஒரே வாரத்தில் நாடகத்தை எழுதி முடித்தேன். பெயர் 'கரையேறாத கண்ணீர்'. குடும்பத்துக்காக உழைத்து ஓடாய்த் தேய்ந்த ஒரு தந்தை. யாரும் அவர் அருமையை உணரவில்லை. கடைசிக் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகிறார். அதற்குப் பிறகு எல்லோரும் உணர்கிறார்கள். அந்தத் தந்தையாக நடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கியில் வேலை பார்க்கும் என் மகன் செந்திலுக்கு டாக்டர் வேஷம். பள்ளி ஆசிரியையான மருமகள் கவிதா, நாடகத்தில் என் மகள். என் மனைவி செல்லத்தாய், என் மனைவியாகவே.

செல்லத்தாய் அதுவரை மேடை ஏறியதில்லை. "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று கொஞ்ச நாள் தட்டிக் கழித்தாள். பிறகு ஒருநாள் அவளாகவே வந்தாள்.

"நடிக்கிறேன். ஆனா எங்க அண்ணன் தம்பிய நீங்களே போன் போட்டுக் கூப்பிடணும். உங்க வாயால."

அவள் பிறந்த ஊர் கடமலைக்குண்டு. அண்ணன் மொக்கச்சாமி, தம்பி பாண்டி. இரண்டு பேருக்கும் இலவந்தோப்பும் தென்னையும் உண்டு. மொக்கச்சாமி மச்சான் மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கல்லூரியில் ஒரு கருத்தரங்கு, நான்தான் தலைமை. (கூட்டத்தில் இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.) செல்லத்தாய் தனியாகப் போய், தனியாகத் திரும்பினாள். அதன் பிறகு அவர்கள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவளோடு போனில் பேசுவதோடு சரி. தீபாவளிக்குப் பிறந்த வீட்டுச் சேலை வருவது நின்றுபோயிற்று. அவள் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பேசாததால் அவளுக்கு வருத்தம் இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

போன் செய்தேன். மொக்கச்சாமி மச்சான் எடுத்தார். "எங்க வீட்டுப் பிள்ள மேடையேறுதுன்னா வராம எப்பிடி மாப்ள?" என்றார். பக்கத்தில் நின்ற செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. இரண்டாம் காட்சியில் ஒரு வசனம் உதைத்துக்கொண்டிருந்தது.

ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. நான் அவர்களைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "சத்தம் பத்தல! கடைசி வரிசைக்குக் கேக்கணும்!" என்று கவிதாவைப் பார்த்துக் கத்துவேன். தன் வகுப்பில் பிள்ளைகளை அடக்கிவிட்டு வந்த களைப்போடு அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து சொல்லும். செந்திலுக்கு ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிக்கத் தெரியவில்லை என்று ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து நாடகக் கலையின் அடிப்படையை விளக்கினேன். மேடைக்கும் பார்ப்பவர்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் நடிகன் திரும்பிப் பார்க்கக் கூடாது. மேடையில் செத்தவன் செத்தவனேதான் என்று.

செல்லத்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செவுரு சரி. கதவு எங்கிட்டு வச்சிருக்கீக?" என்றாள்.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செல்லத்தாய் நன்றாக நடித்தாள். நான் எழுதிய 'விதியே, உன் கொடுங்கரம் நீண்டதோ' போன்றவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு, அவள் பாட்டுக்குப் பேசினாள். அது என் வசனத்தைவிட நன்றாக இருந்தது. நாடகம் நான் விழுந்து கண்ணை மூடுவதோடு முடிவதாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். விழாவுக்கு முந்தைய நாள், அதற்குப் பிறகு அவள் அழும் ஒரு காட்சியைச் சேர்த்தேன். அவளுடைய திறமைக்காகச் சேர்த்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. நான் செத்த உடனே திரை விழுந்துவிட்டால் என் பிணத்தை யார் பார்ப்பார்கள்? அதன்மேல் வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

விழா நாள் மாலை, பொழுது சாய்வதற்கு முன்பே மச்சான்மார் இருவரும் தேங்காய் ஏற்றும் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பாண்டி கையில் ஒரு தாம்பாளம். அதில் அரக்கு நிறப் பட்டுச் சேலை, தேங்காய், பழம், பூ, நீளமான புதுத் துண்டு. எனக்குப் பாதி மீசை ஒட்டியிருந்தது.

"நல்லாருக்கீகளா மாப்ள?" என்றார் மொக்கச்சாமி மச்சான். "தங்கச்சி மொதத் தடவ மேடையேறுது. பொறந்த வீட்டுல இருந்து வெறுங்கையோட வர முடியுமா? அதுக்குச் சேல, உங்களுக்குத் துண்டு. சனத்துக்கு முன்னாடி மேடையில வச்சே போத்திரணும்னு ஆச. எப்ப வரட்டும்?"

பழைய மனத்தாங்கலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் துண்டோடு அது தீர்ந்தது என்று அர்த்தம். எனக்கு மீசைதான் முக்கியமாக இருந்தது.

"கடைசியில நான் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுவேன் மச்சான். விழுந்து கண்ண மூடிட்டா நாடகம் முடிஞ்சுது. அப்ப மேல வாங்க."

"விழுந்ததும் வரணும்."

"ஆமா. விழுந்ததும்."

அழுகைக் காட்சி சேர்த்ததை நான் சொல்லவில்லை. நினைவே வரவில்லை.

ஒலிபெருக்கிக்காரர் வந்து என் சட்டையில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன மைக்கைக் குத்தினார். "சார், இது ரொம்ப நைசு. மூச்சு விட்டாக்கூடக் கேக்கும், பாத்துக்கங்க" என்றார். பேராசிரியரிடம் ஒலியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நாடகம் நன்றாகவே போனது. கவிதாவின் குரல் கடைசி வரிசையையும் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. நான் நன்றாகச் செத்தேன். ஒருமுறை தூணைப் பிடித்து, ஒருமுறை நாற்காலியைப் பிடித்து, அவசரமே படாமல் செத்தேன். (செத்துத் தொலைங்களேன் என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்ததாகச் செந்தில் சொல்கிறான். நம்பவில்லை.)

செல்லத்தாய் என் தலைமாட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பந்தல் அடங்கியது.

அப்போதுதான் மேடைப் பலகை கிறீச்சிட்டது.

ஒரு கண்ணை இம்மி அளவு திறந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய இரண்டு ஜோடி அகலப் பாதங்கள். மச்சான் கையில் துண்டு. பின்னால் பாண்டி, சேலைத் தாம்பாளத்தோடு. விழுந்ததும் வரச் சொன்னேன், விழுந்ததும் வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருத்தியின் புருஷன் இறந்துவிட்டால், அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிமார் புதுச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போடுவார்கள். செத்தவர்மேல் புதுத் துணி போர்த்துவார்கள். கோடி போடுவது என்று பெயர். ஒரு பெண் வாழ்நாளில் வேண்டவே வேண்டாம் என்று நினைக்கிற சேலை அது.

இப்போது மேடையைப் பாருங்கள். நான் கிடக்கிறேன். தலைமாட்டில் செல்லத்தாய் தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருக்கிறாள். அண்ணன் புதுத் துணியோடு என் பக்கத்தில். தம்பி புதுச் சேலையோடு அவள் பக்கத்தில்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தே விட்டார். "அடி ஆத்தீ! கட்டுனவன் உசுரோட இருக்கையில கோடி கொண்டாந்துட்டாகளே!"

மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போர்த்த முடியாது. கொண்டுவந்த சீரைத் திரும்பக் கொண்டுபோகவும் கூடாது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டால் போதும். எழுந்து நின்று வாங்கிக்கொண்டால் அது கோடி இல்லை, மாப்பிள்ளை மரியாதை. பந்தலில் இருந்த சின்னக் குழந்தை வரைக்கும் அது புரிந்தது.

"மாப்ள" என்றார் மெதுவாக. "எந்திரிங்க மாப்ள."

நான் எழவில்லை.

"எந்திரிங்க சார்!" என்று கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன.

என் மகன் புத்திசாலி. டாக்டர் வேஷத்திலேயே மேடைக்குள் ஓடிவந்து, என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "நாடி துடிக்குது! உசுரு இருக்கு!" என்று கத்தினான். அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "இல்ல... போயிருச்சு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனான். பந்தல் சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான். மூவரும் கடமலைக்குண்டுக்காரர்கள்.

செல்லத்தாய் என் காதருகே குனிந்தாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் சொட்டியது.

"ஏங்க. எந்திரிச்சிருங்க. எங்க அண்ணன் சேலையோட நிக்கிறாக."

உதடு அசையாமல், எனக்கு மட்டுமே கேட்கும் என்று நினைத்த குரலில் சொன்னேன்:

"வசனத்தச் சொல்லு."

மூச்சு விட்டாலே கேட்கும் மைக் அது. வசனத்தச் சொல்லு, வசனத்தச் சொல்லு என்று பந்தலின் நாலு மூலையிலும் ஒலித்தது.

செல்லத்தாய் நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்து, "அண்ணே, எறங்கிப் போயிருங்க. அவுக எந்திரிக்க மாட்டாக" என்றாள்.

பலகை மறுபடி கிறீச்சிட்டது. பாதங்கள் போய்விட்டன. அதன் பிறகு அவள் அழுதாளே, அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்த சனம் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, 'என்ன இயல்பு! என்ன வெளிப்பாடு! என் பயிற்சி வீண்போகவில்லை' என்று பூரித்துக் கிடந்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

திரை விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. திரை மறுபடி உயர்ந்தபோது எழுந்து நின்று கும்பிட்டேன். ஆமாம், மச்சானுக்கு எழாத பிணம் கைதட்டலுக்கு எழுந்தது. செயலாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நடுவுல ஏறிட்டாகளே சார், யாரு அவுக?" என்று கேட்டார். "கிராமத்து ஆளுக. நாடகம் பாத்துப் பழக்கமில்ல" என்றேன். பின்னால் செல்லத்தாய் நின்றிருந்தாள். குட்டியானை வண்டி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் தேங்காய் எண்ணெயால் முகப்பூச்சைத் துடைத்தாள். எனக்குத் தோசை ஊற்றினாள். எப்போதும்போல இருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள், எடுக்கவில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மாள் பாராட்ட வந்தார். "எங்கம்மா செத்தப்பக்கூட யாரும் இப்பிடி அழுகல. சார் எப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாகளோ!"

நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு விளக்கத் தயாரானேன்.

"அவுக சொல்லிக் குடுக்கல" என்றாள் செல்லத்தாய், கீரையை ஆய்ந்தபடியே. "எங்க அண்ணன் எறங்கிப் போறாக. இனி வர மாட்டாக. அதான் அழுதேன்."

எதிர்வீட்டு அம்மாள் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார். நான் செய்தித்தாளை மறுபடி விரித்தேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை. நாற்பது வருடம் மாணவர்களின் விடைத்தாளில் தப்பு கண்டுபிடித்தவனுக்கு, மனைவி அழுவது அழுகையா நடிப்பா என்று தெரியவில்லை. காதருகே வந்து கேட்டும் தெரியவில்லை.

"கெளம்பு, கடமலைக்குண்டு போகலாம்" என்றேன்.

"நீங்க போய் என்ன சொல்லுவீக?"

"யோசிச்சுக்கிட்டே போறேன்."

குடும்பமே கிளம்பினோம். பேருந்து மூலவைகை ஆற்றங்கரையைத் தொட்டுத் தொட்டுப் போனது. அவ்வளவு வசனம் எழுதிய எனக்கு, இறங்கும்வரை ஒரு வாக்கியம் அமையவில்லை.

மச்சான் வீட்டு முன்கூடத்தில் கட்டில் கிடந்தது. அதில் மல்லாந்து, கையை நேராக நீட்டி, முகத்தை மூடித் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் படுத்திருந்தார். அவருடைய மனைவி வாசலுக்கு வந்தார்.

"வாங்கண்ணே. வாத்தா செல்லத்தாயி. உக்காருங்க."

"மச்சான் தூங்குறாரா?"

"இல்லண்ணே. செத்துட்டாக." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "இப்பத்தான், உங்க தலையத் தெருவுல பாத்ததும்."

கட்டில் அருகே போனேன். "மச்சான்" என்றேன். அசைவில்லை. "மச்சான், எந்திரிங்க."

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வசனத்தச் சொல்லுங்க மாப்ள."

செந்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் தொண்டையைச் செருமினேன். சூழ்நிலையின் நெருக்கடியில், கலையின் தேவை கருதி என்று என்னவெல்லாமோ நாக்கு நுனிவரை வந்தது. செல்லத்தாயைப் பார்த்தேன். அவள் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் முகம் தெரியாதா என்று.

"தப்பு என்னோடது மச்சான்" என்றேன். "விழுந்ததும் வாங்கன்னு நாந்தான் சொன்னேன். நான் எந்திரிச்சிருக்கணும். கல்யாணத்துக்கும் வந்திருக்கணும்."

"மாமா, சத்தம் பத்தல" என்றாள் கவிதா, எனக்குப் பின்னாலிருந்து. "கடைசி வரிசைக்குக் கேக்கணும்."

சத்தமாகச் சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து மறுபடி சொன்னேன்.

துண்டு விலகியது. மச்சான் எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. என்னை விட்டுவிட்டுத் தங்கச்சியிடம்தான் பேசினார். "ராத்திரி பூரா தூக்கமில்லத்தா. எங் கையால உனக்கு அந்தச் சேலையக் கொண்டாந்துட்டேனேன்னு."

"அவுக முழுசா இருக்காகண்ணே. பாருங்க, நல்லா நிக்கிறாக."

அந்தப் பட்டுச் சேலையை அவர் வீட்டுக்குள் சேர்க்கவில்லை; திரும்புகிற வழியிலேயே ஊர் எல்லையில் அம்மனுக்குச் சாத்திவிட்டு வந்திருந்தார். பாண்டியை அனுப்பிக் கடைத்தெருவில் வேறு சேலையும் துண்டும் எடுத்துவரச் சொன்னார். நூல் சேலைதான். என்னை நடுக்கூடத்தில் நிற்க வைத்தார்கள். முதுகு வளையாமல், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நிற்க வேண்டும் என்று மச்சான் கண்டிப்பாகச் சொன்னார். பிறகுதான் துண்டு போர்த்தினார். செல்லத்தாய் அந்தச் சேலையை அங்கேயே உடுத்திக்கொண்டு வந்தாள். அன்று அவளைப் பார்த்தபோது, என் நாடகத்தில் வந்த யாரையும் நான் உயிரோடு எழுதவில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு நான் நாடகம் எழுதவில்லை. தெருவில் யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆண்டு விழாவில் இப்போது செல்லத்தாயும் கவிதாவும் சேர்ந்து ஏதாவது போடுகிறார்கள். எனக்குத் திரை இழுக்கும் வேலை. வீட்டில் நான் எதையாவது சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர், "வசனத்தச் சொல்லுங்க" என்பார்கள். உடனே நேராகச் சொல்லிவிடுவேன்.

தீபாவளிக்கு மச்சான்மார் தவறாமல் வருகிறார்கள். வழியிலேயே செல்லத்தாய்க்குப் போன் வரும்.

"கண்டமனூர் தாண்டிட்டோம்த்தா. மாப்ள நிக்கிறாகளா?"

அவள் ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்ப்பாள்.

"நிக்கிறாகண்ணே."

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர நேரம் ஆகும். அதுவரை நாற்காலி போட்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் உட்காருவதில்லை.